ஒத்த கருத்தும் உரிமை அச்சமும்

ஒருவர் படைத்த கதைமாந்தரைக் கொண்டு மற்றொருவர் கதை புனைவது உலக இலக்கியத்தில் புதிய வழக்கமன்று. ஒரு நூலில் மனம் தோய்ந்த வாசகர், நூல் முடிந்த இடத்தில் தம் கற்பனையை நிறுத்த இயலாமல், அம்மாந்தரை மேலும் நடக்கவிட்டுப் பார்க்கிறார். இருபதாம் நூற்றாண்டில் இவ்வகை எழுத்துக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயரே ஏற்பட்டது. தமிழில் அதனை ‘ரசிகர் புனைவு’ எனலாம்.

இவ்வாறு எழுதுவோரை ஓயாது வருத்தும் ஐயம் ஒன்று உண்டு. எழுதக் கருதிய கதையை வேறொருவர் முன்பே எழுதிவிட்டாரோ என்பதும், எழுதினால் திருட்டுப் பழி வந்து சேருமோ என்பதுமே அது. மாந்தர் பொது, களம் பொது, நிகழ்ச்சிகளும் பொது. அவ்வாறிருக்கக் கருத்துகள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதே அரிது. இந்த ஐயத்தை வெவ்வேறு காலத்தவர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை நோக்கினால், ஐயம் ஒன்றேயாயினும் அதன் விளைவுகள் பெரிதும் வேறுபட்டன என்பது புலனாகும்.

ஸ்பெயினில் இரு டான் குயிக்சாட்டுகள்

மிகேல் டி செர்வாண்டிஸ் இயற்றிய ‘டான் குயிக்சாட்’ புதினத்தின் முதற்பகுதி 1605ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில் வெளிவந்தது. அதன் இறுதியில், நாயகன் மூன்றாம் முறையாக வீட்டைவிட்டுப் புறப்பட்டுச் சரகோசா நகரத்துப் போட்டிகளில் கலந்துகொண்டான் என்றொரு குறிப்பை மட்டும் ஆசிரியர் விட்டுவைத்தார். எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1613இல் தாம் வெளியிட்ட கதைத்தொகுதியின் முன்னுரையில், டான் குயிக்சாட்டின் அடுத்த பகுதி விரைவில் வரும் என்று அறிவித்தார்.

ஆனால் 1614இல் வேறொருவர் முந்திக்கொண்டார். அலோன்சோ பெர்னாண்டஸ் டி அவெயனேடா என்ற புனைபெயரில், டான் குயிக்சாட்டின் இரண்டாம் பகுதி என்று சொல்லிக்கொண்டு ஒரு நூல் வெளிவந்தது. முதற்பகுதி விட்டுச்சென்ற குறிப்பைப் பற்றிக்கொண்டு, அவர் நாயகனைச் சரகோசாவுக்கே அழைத்துச் சென்றிருந்தார். அவர் யார் என்பது இன்றளவும் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை. கதையை எடுத்தாண்டதோடு அவர் நிற்கவில்லை. முன்னுரையில் செர்வாண்டிஸின் முதுமையை எள்ளினார். 1571இல் லெபாந்தோ கடற்போரில் பயனிழந்த அவரது இடக்கையையும் எள்ளினார். அவருக்கு வரவேண்டிய வருவாயைத் தாம் பறித்துக்கொள்வதாகவும் வெளிப்படையாகவே எழுதினார்.

செர்வாண்டிஸ் தம் இரண்டாம் பகுதியை 1615இல் வெளியிட்டார். அதன் ஐம்பத்தொன்பதாம் இயலில் அவர் தந்த மறுமொழி, இலக்கிய வரலாற்றில் தனித்து நிற்பது. வழிப்போக்கர் விடுதி ஒன்றில் தங்கும் டான் குயிக்சாட், பக்கத்து அறையில் இருவர் அந்தப் போலி நூலைப் படித்துப் பேசுவதைக் கேட்கிறான். துல்சினியா மீது அவனுக்கிருந்த காதல் அற்றுப்போனதாக அந்நூல் கூறுவதறிந்து கொதிக்கிறான். போலி நூலாசிரியரைப் பொய்யராக்கும் பொருட்டு, சரகோசாவுக்குச் செல்வதையே கைவிட்டுப் பார்சிலோனாவுக்கு வழி மாறுகிறான். அந்நகரத்து அச்சகம் ஒன்றில் அதே நூல் பிழைதிருத்தம் பெறுவதையும் காண்கிறான்.

எழுபத்திரண்டாம் இயலில் செர்வாண்டிஸ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். அவெயனேடா படைத்த ஆல்வரோ டார்ஃபே என்னும் மாந்தரையே தம் நூலுக்குள் கொண்டுவந்து, தான் முன்பு கண்ட டான் குயிக்சாட் இவன் அல்லன் என்று ஊர்த்தலைவர் முன்னிலையில் வாக்குமூலம் கொடுக்க வைக்கிறார். ரசிகர் புனைவாளர் ஆசிரியரின் மாந்தரைக் கவர்ந்தார். ஆசிரியரோ புனைவாளரின் மாந்தரைக் கவர்ந்து சாட்சியாக்கினார். இறுதியில் டான் குயிக்சாட் இறக்கிறான். வேறு எவரும் அவனை மீண்டும் எழுப்பிவிடக் கூடாதென்று, அவன் இறந்ததற்குப் பத்திர எழுத்தரின் சான்று பெறப்படுகிறது. அடுத்த ஆண்டு, 1616இல், செர்வாண்டிஸும் மறைந்தார்.

கதை முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பதை அறிந்தும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சினம் உண்மை; இழப்பும் உண்மை. அவ்விரண்டையும் அவர் கதைக்குள்ளேயே பொருளாக்கிக்கொண்டார்.

பத்து கினிக்கு வாங்கிய கதை

செர்வாண்டிஸுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், இதே சிக்கல் இங்கிலாந்தில் வேறொரு வடிவில் எழுந்தது. ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை 1893இல் ஓர் அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார். வாசகர் விடவில்லை; 1903இல் ஹோம்ஸ் மீண்டார். ஹோம்ஸைக் கொண்டு தாமே கதை எழுதி அவருக்கு அனுப்பியவர்களும் இருந்தனர்.

அவர்களுள் ஒருவர் ஆர்தர் விட்டேக்கர் என்னும் கட்டடக் கலைஞர். கூட்டாக வெளியிடலாம் என்னும் எண்ணத்துடன் அவர் ஒரு கதையை அனுப்பிவைத்தார். கோனன் டாயில் கூட்டுக்கு இசையவில்லை. ஆயினும் கருத்து பின்னர் பயன்படக்கூடும் என்பதால் பத்து கினி கொடுத்து அதனை வாங்கிக்கொண்டார். பிறர் கருத்தும் தம் கருத்தும் பின்னாளில் மோத நேர்ந்தால் பழி வரக்கூடாது என்பதற்கு இதனினும் எளிய வழி இல்லை. அக்கருத்தை அவர் கடைசிவரை பயன்படுத்தவில்லை.

1930இல் கோனன் டாயில் மறைந்தார். அவருடைய தாள்களுக்கிடையே 1942இல் அக்கதை கண்டெடுக்கப்பட்டது. அது அவருடைய கையெழுத்தன்று, தட்டச்சுப்படி. எனினும் வெளிவராத ஹோம்ஸ் கதை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், 1948இல் அமெரிக்க இதழொன்று அதனைக் கோனன் டாயிலின் பெயரிலேயே வெளியிட்டது. முதுமையடைந்திருந்த விட்டேக்கர் அது தம் எழுத்து என்று தெரிவித்தார். முதலில் அவர் கூற்று ஏற்கப்படவில்லை. கோனன் டாயில் 1911இல் தமக்கு எழுதிய மடலைப் பாதுகாத்து வைத்திருந்தமையால் மட்டுமே அவரால் அதனை நிறுவ முடிந்தது. ரசிகர் ஆசிரியரிடமிருந்து திருடுவார் என்பதே உலகோர் அஞ்சியது. இங்கோ, எவரும் திருடாமலே ரசிகரின் கதை ஆசிரியர் பெயருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரே இடைவெளி, பல கதைகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் டிரெக்’ தொடர் 1966இல் தொடங்கியது. அதன் ரசிகர் 1967இலேயே ‘ஸ்பாக்கனேலியா’ என்னும் சிற்றிதழை வெளியிட்டனர். படியெடுக்கும் இயந்திரத்தில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பப்பட்ட இத்தகைய இதழ்கள் அடுத்த சில ஆண்டுகளில் பெருகின. எழுதியவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 1976இல் ரசிகர் கதைகளின் தொகுப்பொன்று, தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரியின் முன்னுரையுடன் பெரிய பதிப்பகம் வழியாகவே வெளிவந்தது.

இவ்வட்டத்தில்தான் ரசிகருக்கும் ரசிகருக்கும் இடையே கருத்து மோதும் நிலை பெருவழக்காயிற்று. காரணம் எளிது. மூலக்கதை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. அது விட்டுச்செல்லும் இடைவெளிகளே ரசிகரை எழுதத் தூண்டுகின்றன. 1967 செப்டம்பரில் ஒளிபரப்பான பகுதி ஒன்றில், ஸ்பாக் என்னும் மாந்தர் மணப்பருவ வேட்கை மேலிடும்போது தம் தாய்க்கோளுக்குத் திரும்பியே ஆகவேண்டும். திரும்பாவிடில் இறப்பு உறுதி என்று காட்டப்பட்டது. திரும்ப வழியற்ற இடத்தில் அவர் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்ற வினா, ஒருவரையொருவர் அறியாத பலருக்கும் தோன்றியது. அதே தொடக்கத்தைக் கொண்டு கதை மேல் கதையாக எழுந்தது. ஒன்றில் அது நட்பின் கதை. மற்றொன்றில் காதல் கதை. வேறொன்றில் அவலக் கதை.

இவற்றுள் எது முதலில் தோன்றியது என்று வாதிட்டுப் பயனில்லை என்பதை அவ்வட்டத்தினர் காலப்போக்கில் உணர்ந்தனர். மூலத்திலுள்ள இடைவெளி எவருக்கும் உடைமையன்று. ஆனால் மற்றொரு ரசிகர் தாமே புதிதாகப் படைத்த மாந்தரையோ நிகழ்ச்சிப் பின்னலையோ எடுத்தாள நேர்ந்தால், அவரிடம் இசைவு பெறுவதும் கதைத் தலைப்பில் அவர் பெயரைக் குறிப்பதும் நன்னடத்தையாயின. இவ்வேறுபாட்டை அவர்களுக்கு எந்தச் சட்டமும் கற்பிக்கவில்லை.

அச்சம் கதவை அடைத்தபோது

மேரியன் சிம்மர் பிராட்லி என்னும் அமெரிக்க எழுத்தாளர், டோல்கியனின் கற்பனை உலகை வைத்துத் தாமும் கதை எழுதிப் பார்த்தவர். ஆகையால் தாம் படைத்த ‘டார்க்கோவர்’ உலகில் ரசிகர் எழுதுவதை வரவேற்றார். 1980 முதல் அவர்களுடைய கதைகளைத் தேர்ந்து, தாமே பதிப்பித்துத் தொகுதிகளாகவும் வெளியிட்டார். அத்தொகுதிகள் வழியாக எழுத்துலகில் அடியெடுத்து வைத்தவர்கள் உண்டு.

1992ஆம் ஆண்டளவில், ஒரு ரசிகரின் கதைக்கருத்தும் பிராட்லி எழுதத் திட்டமிட்டிருந்த புதினத்தின் கருத்தும் ஒத்திருந்தன. தொகை, நன்றியறிவிப்பு ஆகியவை பற்றிய பேச்சு முறிந்தது. நடந்ததை இரு தரப்பாரும் வெவ்வேறாகக் கூறினர். விளைவில் மட்டும் ஐயமில்லை: அப்புதினம் வெளிவரவில்லை, ரசிகருக்கு அளித்திருந்த இசைவையும் பிராட்லி திரும்பப் பெற்றார். இருவர் கருத்து ஒத்ததற்காக எழுதிப் பழகிய ஒரு தலைமுறைக்கே வாயில் அடைபட்டது. ரசிகர் எழுத்தைப் படிக்கவே கூடாது என்று பின்னர் பல எழுத்தாளர்கள் விலகி நின்றதற்கும் இந்நிகழ்ச்சி காட்டாகச் சொல்லப்பட்டது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் அடுத்த சில ஆண்டுகளிலேயே நேர்ந்தது. ‘பாபிலோன் 5’ தொலைக்காட்சித் தொடரைப் படைத்த மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஒரு பகுதியின் கதையைத் திட்டமிட்டிருந்த வேளையில், ரசிகர் ஒருவர் அதனையொத்த கருத்தைத் தற்செயலாகப் பொதுவில் வெளியிட்டார். ஸ்ட்ராசின்ஸ்கி அக்கதையை ஒதுக்கி வைத்தார். அந்த ரசிகர் தமக்கு உரிமை ஏதுமில்லை என்று எழுத்து மூலம் இசைவளித்த பின்னரே அது படமாக்கப்பட்டு 1995இல் ஒளிபரப்பாயிற்று. ஒரு தாள் கையொப்பமும் ஒருவரது நல்லெண்ணமும் அக்கதையைக் காப்பாற்றின.

ஆனந்தவர்த்தனர் கண்ட விடை

மேற்கூறிய பூசல்களில் எல்லாம், ‘யார் முதலில் நினைத்தார்?’ என்பதே வினாவாக இருந்தது. பொதுக்கதை ஒன்றைப் பலர் பாடுவதே இயல்பாக இருந்த மண்ணில் அவ்வினா வேறு வடிவம் பெற்றது. வடமொழிக் கவிஞர்கள் வான்மீகியின் கதையையும் பாரதக் கதையையும் வழிவழியாகப் பாடி வந்தவர்கள். கருத்தொப்புமை அவர்களுக்கு நாள்தோறும் நேர்ந்த சிக்கல்.

ஒன்பதாம் நூற்றாண்டில் காசுமீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், தம் ‘த்வன்யாலோகம்’ என்னும் நூலின் நான்காம் பகுதியில் இதனை விரித்து ஆராய்கிறார். ஒப்புமையை அவர் மூவகைப்படுத்துகிறார். முதல்வகை கண்ணாடியில் தெரியும் பிரதிபிம்பம் போன்றது. அதற்கெனத் தனி உயிர் இல்லை. இரண்டாவது, ஒருவரைப் பார்த்து வரைந்த ஓவியம் போன்றது. அதன் உயிர் வலுவற்றது. இவ்விரண்டையும் கவிஞர் விலக்க வேண்டும். மூன்றாவது, உருவில் ஒத்த இரு மனிதரைப் போன்றது. முகம் ஒத்திருப்பினும் இருவருக்கும் உயிர் வேறு. ஆகவே அதனை விலக்க வேண்டுவதில்லை என்பது அவர் முடிபு. வான்மீகிக்குப் பின் கவிதைக்குப் பொருளே எஞ்சியிராது என்று அஞ்சத் தேவையில்லை என்பதும் அவர் கருத்து.

அடுத்து வந்த இராசசேகரர் தம் ‘காவியமீமாம்சை’யில் பிறர் சொல்லையும் பொருளையும் எடுத்தாளும் முறைகளை மேலும் நுணுக்கமாகப் பகுத்தார். அவ்விவாதத்தில் தம் மனைவி அவந்திசுந்தரியின் கருத்தையும் எடுத்துக்காட்டுகிறார். எடுத்தாளுதல் எவருக்கும் நேர்வது என்பதை ஒளிக்காமல் பேசியது அவருடைய சிறப்பு.

தமிழ் இலக்கணத்திலும் இத்தெளிவு உண்டு. தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் எனப் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. நன்னூல் சார்பு நூலையும் சேர்க்கிறது. பிறர் நூலின் வழியே செல்வது இழிவாகக் கருதப்படவில்லை. அதற்கு இலக்கணமே வகுக்கப்பட்டது. அதே வேளையில் பாட்டியல் நூல்கள் ‘கள்ளக்கவி’ என்றொரு வகையினரையும் தனியே பிரித்து இழித்துரைத்தன. கம்பர் வடமொழியில் இராமகதை சொன்ன மூவருள் முதல்வரைப் பின்பற்றுவதாகப் பாயிரத்திலேயே கூறிவிட்டார். வழிநூலாருக்கும் கள்ளக்கவிக்கும் இடையிலான எல்லை அந்த ஒப்புதலில்தான் இருக்கிறது.

ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வதும், ஒரே தலைப்பில் பலரைப் பாடவைக்கும் கவியரங்கமும் இம்மண்ணின் வழக்கங்கள். அங்கே முன்னவர் சொன்ன உவமை பின்னவர் தாளிலும் எழுதப்பட்டிருப்பதுண்டு. அதற்காகப் பின்னவர் பாட்டைக் கிழித்தெறிய வேண்டுவதில்லை. எடுத்துக்கொண்டது என்றால் யாரிடமிருந்து என்பதைச் சொல்லிவிட வேண்டும். தற்செயலாக ஒத்தது என்றால், தம் பாட்டுக்குத் தனி உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் செய்துவிட்ட கவிஞர் துணிந்து மேடையேறலாம்.