தகைவு (இயற்பியல்)

தகைவு என்பது புறவிசைக்கு உட்பட்ட பொருளின் உள்ளே ஓரலகுப் பரப்பில் தோன்றும் எதிர்விசை ஆகும். இதன் அலகு பாஸ்கல் (ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன்). அழுத்தத்திற்கும் இதே அலகு வழங்கினும் இரண்டும் ஒன்றல்ல. ஓய்விலுள்ள நீர்மத்தின் ஒரு புள்ளியில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமம்; தகைவோ வெட்டுமுகத்தின் திசையைப் பொறுத்து மாறும். தகைவு பற்றிய கணிதக் கோட்பாட்டை 1822 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோசி முன்வைத்தார்.

எடுத்துக்காட்டு

2019 இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்வோம். அதன் வளையம் 8 மி.மீ. விட்டமுள்ள மென் எஃகுக் கம்பி எனவும், 10,000 நியூட்டன் விசையால் (ஏறத்தாழ ஒரு டன் எடை) இழுக்கப்படுகிறது எனவும் கொள்க.

* ஒரு காலின் வெட்டுப்பரப்பு: 3.14 × 4 × 4 = 50.2 சதுர மி.மீ.
* விசையை இரு கால்களும் சமமாகத் தாங்குவதால் மொத்தப் பரப்பு: 100.4 சதுர மி.மீ.
* இழுவிசைத் தகைவு: 10,000 ÷ 100.4 = ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல்

மென் எஃகு ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல் வரை நிலையான உருமாற்றம் அடையாது. எனவே வளையம் தாங்கும். விட்டம் 4 மி.மீ. ஆயின் பரப்பு கால்பங்காகும். தகைவு நான்கு மடங்காகி, ஏறத்தாழ 400 மெகாபாஸ்கலை எட்டும். அப்போது வளையம் நீண்டுவிடும்.

பொதுவான பிழைகள்

ஆரத்திற்குப் பதில் விட்டத்தை இடுதல், ஒரு காலை மட்டும் கணக்கிடுதல் ஆகியன மாணவர் செய்யும் பிழைகள். முதற்பிழையால் தகைவு கால்பங்காகத் தோன்றி, நலிந்த பூட்டும் வலியதெனக் காட்டும். வளையம் தாங்கினும், அதைப் பற்றியிருக்கும் உட்தாழ் சறுக்குத் தகைவால் முறியலாம். மிக நலிந்த உறுப்பின் வலிமையே பூட்டின் வலிமை ஆகும்.