போடியில் நாய்க்கு ஒரு இடம்: 'சும்மா கிடக்கு'ன்னா போதுமா?

ஓர் ஊரில் நாய்களுக்குன்னு பொது இடம் ஒதுக்கணும்னா, அந்த இடம் தோதானதான்னு எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னைக்கு இந்தக் கேள்வியோட போடிநாயக்கனூருக்குப் போகலாம்.

'போடிக்கு டாக் பார்க்கா?'ன்னு சிரிக்காதீங்க. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு நகராட்சி வார்டிலும் தெருநாய்களுக்கு உணவு வைக்கத் தனி இடம் ஒதுக்கச் சொன்னது. டெல்லியை வைத்து ஆரம்பித்த வழக்கு, ஆனால் அன்றைக்கே எல்லா மாநிலங்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, பூங்கா வருதோ இல்லையோ, இடம் பார்க்கும் வேலை எல்லா ஊருக்கும் வந்தாச்சு.

வரலாற்றில் இந்த இடங்கள் எப்படிக் கிடைத்தன? உலகின் முதல் நாய்ப் பூங்கா என்று பொதுவாகச் சொல்லப்படுவது, அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1979-இல் வந்த ஓலோனி பூங்கா. சுரங்க ரயிலுக்காக அங்கே வீடுகளை இடித்தார்கள். ரயில் பூமிக்கடியில் போய்விட்டது, மேலே நிலம் மிஞ்சியது. நம்ம நாட்டில் 2018-இல் ஹைதராபாத் மாநகராட்சி கொண்டாப்பூரில் திறந்த நாய்ப் பூங்காவும் முன்பு குப்பை கொட்டிய இடம்தான். இரண்டிலும் ஒரே கதை: யாருக்கும் வேண்டாத நிலம் நாய்க்குப் போனது.

போடியில் அப்படி மிஞ்சிய நிலம் இருக்கா? ரயில் பாதையையே எடுத்துக்கோங்க. மதுரை - போடி பாதை 1928-இல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைக் கழற்றினார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். அகலப் பாதையாக மாற்ற 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். போடிக்கு ரயில் திரும்பி வந்தது 2023 ஜூனில். நடுவில் 12 வருஷத்துக்கு மேல் ரயிலே கிடையாது. அப்போது பார்த்தவர்களுக்கு அது சும்மா கிடக்கும் நிலமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அதற்கு ஆள் இருந்தது. வரத்தான் தாமதமானது.

சரி, ஊருக்குள் வேண்டாம், மேற்கே மலையடிவாரத்தில் எவ்வளவோ இடம் இருக்கேன்னு தோணும். அங்கே இடம் பார்த்த கதை நாட்டுக்கே தெரியும். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்தது நீலகிரியில் சிங்காரா. முதுமலையும் யானை வழித்தடமும் பக்கத்தில் இருக்கின்றன என்று 2009-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. பிறகுதான் போடி மேற்கு மலை. பாறை நல்ல பாறை. ஆனால் 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தியது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பது கணக்கில் வரவில்லை என்பது முக்கியக் காரணம். அடுத்த ஆண்டு புது அனுமதி கிடைத்தும் வேலை நடக்கவில்லை. பாறையைச் சோதித்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள்.

நாய் விஷயத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் காட்டு விலங்கு. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. பலவற்றில் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. வீட்டு நாய்க்கும் தெருநாய்க்கும் வரும் அதே நோய். அதனால் ஏலமலைச் சரிவில் நாய்களைக் கூட்டமாகச் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்றும் இருக்கு. போடிக்குத் தெற்கே, இதே மலையடிவாரத்தில்தான் கோம்பை. கோம்பை நாய்க்குப் பெயர் கொடுத்த ஊர். தோட்டக் காவல், பன்றி வேட்டை என்று அந்த நாய்க்கு வேலை இருந்தது; வேலை செய்த இடமே அதன் இடம். அப்பார்ட்மென்ட் நாய்க்கு அது இல்லை, அதனால் வேலி போட்ட பூங்கா தேவைப்படுது. தெருநாய்க்கோ தெருவே எல்லை. இந்த இரண்டு வகை நாய்களையும் ஒரே வேலிக்குள் விட்டால் சண்டையும் நோயும்தான் மிஞ்சும். ஆக 'நாய்க்கு இடம்' என்பது ஒரு இடம் இல்லை, இரண்டு.

பூங்காவுக்கு வேண்டியது தண்ணீர், நிழல், மழைநீர் தேங்காத தரை, நாய் நழுவி ஓடாதபடி இரட்டைக் கதவு. இதெல்லாம் காசு இருந்தால் செய்துவிடலாம். உணவு வைக்கும் இடத்துக்கு வேண்டியது வேறு. 2023 விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகளே அதைச் சொல்லுது: வாசலும் மாடிப்படியும் குழந்தைகள் விளையாடும் இடமும் தவிர்க்கணும், குழந்தைகளும் வயசானவர்களும் நடமாடாத நேரமாகப் பார்க்கணும்.

போடியில் அந்த நேரம் எது? ஏலத்தோட்டக் கூலிவேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே தூக்குவாளியோடு ஜீப்புக்கு நிற்கிறார்கள். போடிமெட்டு ஏறிப் போய்விட்டு சாயங்காலம்தான் இறங்குவார்கள். பகல் 11 மணிக்கு அளந்து பார்க்கிற அதிகாரிக்கு அந்த முக்கு காலியாகத்தான் தெரியும். அங்கே சோற்றை வைத்தால், இருட்டில் கடி வாங்குவது தினக்கூலி வாங்கும் அந்த அம்மா. அவருக்கு ஊசி போடப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போச்சு.

அதனால் உங்க வார்டில் இடம் பார்க்க வந்தால், பட்டா யார் பேரில் இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க. காலையில் ஒரு தடவை, ராத்திரியில் ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்க. அங்கே நிற்கிறவங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் வேலி போடட்டும்.