கயிறு சொன்ன பாடம்

மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு, முத்துச் சலாபத்தாற் பெயர்பெற்ற ஊராகும். பிரித்தானிய ஆட்சியின் முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில் அங்கு எழுப்பிய மாளிகையின் இடிபாடுகள் இன்றும் கடலோரத்தில் நிற்கின்றன. கல்லின் பாரத்தாற் கடலடிக்கு இறங்கிய குளிகாரர், மூச்சு முட்டும் வேளையிற் கயிற்றை அசைப்பர். தோணியில் நின்றோர் உடனே மேலே இழுப்பர். அக்குறிப்பில் ஐயம் எழுமாயின் உயிருக்கே இடராகும்.

இடருற்றவருக்கு உதவும் குறிப்பு ஐயமற்றதாதல் வேண்டும் என்னும் இப்பாடம் கணினிக்கும் பொருந்துவதே. கணினிக்கு மனிதர் எழுதும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். அதிற் பிழை நேரின் கணினி ஒரு செய்தி காட்டும். முற்காலத்தில் அச்செய்திகள் பல வெறும் எண்களாகவே இருந்தன. கைந்நூலைப் புரட்டியே அவற்றின் பொருளை அறியவேண்டியிருந்தது.

இக்குறையை நீக்க முயன்றோர் சிலர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் உருவான 'டிட்ரான்' என்னும் தொகுப்பி, பிழைகளை விளக்கிக் காட்டுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டது. அதன் விவரம் 1967இல் வெளியாயிற்று. 1982இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்துப் பென் ஷ்னைடர்மன், கடிந்துரைக்கும் சொற்களை விலக்கி, நேர்ந்தது யாது, செய்யத்தக்கது யாது என்பவற்றைத் திட்டமாகக் கூறுதல் வேண்டும் என வலியுறுத்தினார்.

தமிழுக்கும் இவ்வினா வந்துற்றது. முத்தையா அண்ணாமலை 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கி, 2009இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். 'பதிப்பி', 'நிரல்பாகம்', 'முடி' என்பன அதன் கட்டளைச் சொற்கள். கட்டளைகள் தமிழாயினமை மட்டும் போதுமா? மாணவன் ஒருவன் 'முடி' என்பதை எழுத மறந்தான் எனக் கொள்வோம். "தொடரியல் வழு" என்று மட்டும் திரையில் தோன்றின், சொல் தமிழே எனினும் அவன் திகைப்பான். தன் அறிவையே ஐயுற்று முயற்சியைக் கைவிடவுங் கூடும். "நான்காம் வரியில் தொடங்கிய நிரல்பாகம் முடிவுறவில்லை, இறுதியில் 'முடி' எனச் சேர்க்க" என்று தோன்றுமாயின், பிழை இருந்த இடமும் தெரியும், திருத்தும் வழியும் தெரியும்.

ஆதலின், பிழைச் செய்திக்குச் சொல் தேடுவோர் பிறமொழிச் சொல்லுக்கு நேர்ச்சொல் காண்பதோடு அமைதல் ஆகாது. படிப்பவன் அடுத்துச் செய்யவேண்டியதை அச்சொல் உணர்த்துகிறதா என்பதே உரைகல். அரிப்புக் கடலிற் கயிறு பிடித்து நின்றவர், கீழே இருந்தவரின் பிழையை ஆராயவில்லை. அவரை மேலே கொணர்ந்தனர். நல்ல பிழைச் செய்தியின் கடமையும் அதுவே.