ஏரி வாரியமும் கிள்ளான் பள்ளத்தாக்கின் அணைகளும்

நீர்நிலைகளை ஊராரே காத்தமைக்குச் சான்று தேடும்போதெல்லாம் நாம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாடுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, ஏரி வாரியத்தார் அறுவரைக் குடவோலை வழித் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. பொறுப்புக் காலம் 360 நாள். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தேர்வுக்கு உரியரல்லர். ஏரியைக் காப்பவர் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் நெறி இதனால் புலனாகிறது. ஆயினும் உறுப்பினராவதற்கு வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டப்பட்டன. அவ்வூர் ஒரு பிரமதேயம். வயலில் உழுதவர் பெயர் குடத்துள் விழ வழியில்லை. நம் கட்டுரைகள் பலவும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன.

நீரைப் பயன்படுத்துவோருள் யாருக்கு அவையில் இடம் என்னும் வினாவோடு நாம் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கை நோக்கலாம். பிரிக்பீல்ட்சை ஒட்டிச் சென்று கிள்ளான் நகர் வழியே கடலை அடையும் கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில், 1958-ஆம் ஆண்டில் கிள்ளான் கேட்ஸ் அணை எழுந்தது. பின்னர் லங்காட், செமினி அணைகள் தோன்றின. இவை பொறியியலாரின் திட்டங்கள். குடிமக்கள் அவற்றைக் குழாயின் வழியாகவே அறிந்தனர். தோட்டத்து லயன்களின் பொதுக்குழாயில் பழகிய நம்மவர்க்கு அது புதிதன்று. அங்கும் நீரின் நேரத்தை நிர்வாகமே வகுத்தது.

எல் நினோ வறட்சியால் 1998-இல் இம்மூன்று அணைகளும் வற்றியபோதுதான் அணை பேசுபொருளாயிற்று. ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் பல மாதங்கள் நீர்ப் பங்கீட்டுக்கு உட்பட்டனர். தண்ணீர் லாரியின் பின்னே வாளிகளுடன் நின்றமை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். எவ்வட்டாரத்துக்கு எந்நாள் நீர் என்பது அறிவிப்பாக வந்தது. அதனை வகுக்கும் இடத்தில் நின்றோர் எவருமில்லை.

அடுத்த ஆண்டே சிலாங்கூர் சட்டமன்றம் நீர் நிர்வாக வாரியத்தை, அதாவது லுவாசை, சட்டத்தால் நிறுவியது. ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாகக் கருதும் அதன் நோக்கம் பாராட்டுக்குரியது. எனினும் அதன் கையிலிருந்த முதன்மைக் கருவி உரிமம். நீர் எடுப்போர் தனித்தனியே வாரியத்திடம் விண்ணப்பித்தனர். தம்முள் கூடிப் பேசவில்லை. 2005-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் நீர் வழங்கலைக் கூட்டரசும் மாநிலங்களும் பகிரும் பட்டியலுக்கு மாற்றியது. ஆறுகள் மாநிலத்திடமே இருந்தன. 2006-ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டம் நுகர்வோருக்கென ஒரு நீர் மன்றத்துக்கு இடமளித்தது. அதன் களம் சேவையின் தரமும் முறையீடும். அணையின் நீரைப் பங்கிடுவதன்று. 2014-இல் மீண்டும் பங்கீடு வந்தபோது, மக்கள் முன்போலவே அட்டவணையைத்தான் பெற்றனர்.

2020 செப்டம்பரில் நிகழ்ந்தது வேறு. அணைகளில் நீர் இருந்தது. ரவாங்கில் சுங்கை கோங்கில் கலந்த மாசு சிலாங்கூர் ஆற்றை எட்டியதால் நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 12 இலட்சம் இணைப்புகள் நீரின்றிப் போயின. மேலே இருந்த தொழிற்பேட்டையும் கீழே இருந்த அடுக்ககமும் ஒரே ஆற்றின் பயனாளிகள். அந்நாள்வரை ஓர் அவையில் எதிரெதிரே அமர்ந்ததில்லை.