ஆய்வுகூடத்தில் வளரும் குருத்தெலும்பு: நம்பிக்கையும் எல்லையும்

எலும்பு முறிந்தால் பொருந்துகிறது. தோல் கிழிந்தால் ஆறுகிறது. ஈரலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தாலும் எஞ்சிய பகுதி வளர்ந்து அந்த இழப்பை ஈடுசெய்கிறது. ஆனால் மூட்டுகளில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு ஒருமுறை சிதைந்துவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இந்த உண்மையை வில்லியம் ஹண்டர் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் 1743 ஆம் ஆண்டிலேயே இலண்டன் ரோயல் சங்கத்திற்குச் சமர்ப்பித்த கட்டுரையில் பதிவு செய்திருந்தார். இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் அவருடைய கூற்று பொய்யாகிவிடவில்லை. எனினும், உடல் செய்ய மறுக்கும் வேலையை ஆய்வுகூடத்தில் செய்து முடிக்க முடியுமா என்ற கேள்விக்கு அண்மைக்கால ஆய்வுகள் அளவோடு கூடிய, ஆனால் மெய்யான பதிலைத் தரத் தொடங்கியுள்ளன.

இது ஒரு சிலருக்கு மட்டுமே உரிய பிரச்சினையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 52 கோடியே 80 இலட்சம் பேர் மூட்டுத் தேய்வு நோயுடன் வாழ்ந்தனர். அவர்களில் 60 வீதமானோர் பெண்கள். மிக அதிகமாகப் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால் ஆகும். நிலத்தில் சப்பணமிட்டு அமர்ந்து உண்பதும், வயலில் குனிந்தும் குந்தியும் நாற்று நடுவதும், கோயிலில் விழுந்து வணங்குவதும், பள்ளிவாசலில் சுஜூது செய்வதும் முழங்காலின் துணையின்றி இயலாதவை. ஆகவே, நம்மவருக்கு முழங்கால் நோவு வெறும் உடல் உபாதையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது தொழிலையும் வழிபாட்டையும் தொடுகின்றது.

ஏன் தானாக ஆறுவதில்லை?

மூட்டுக் குருத்தெலும்பு சில மில்லிமீற்றர் தடிப்பே கொண்ட, வழுவழுப்பான வெண்ணிற இழையமாகும். அதன் எடையில் பெரும்பகுதி நீர். கொலாஜன் எனப்படும் புரத நார்கள் வலைபோலப் பின்னியிருக்க, அவற்றின் இடையே நீரை ஈர்த்துப் பிடித்து வைத்திருக்கும் புரோட்டியோகிளைக்கன் என்ற பெரிய மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன. நாம் கால் ஊன்றும்போது இந்த இழையம் அழுத்தத்தைத் தாங்குகிறது. சுமை நீங்கியதும் மீண்டும் நிமிர்ந்து கொள்கிறது. சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு சுமை முழங்காலில் விழுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த மெல்லிய மெத்தையின் ஆற்றல் புலனாகும்.

இத்தகைய ஆற்றலுக்கு அது கொடுக்கும் விலையும் பெரிது. அதில் குருதிக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. உடலின் மற்றப் பகுதிகளில் காயம் ஏற்பட்டால் குருதி வழியாகவே பழுதுபார்க்கும் கலங்கள் வந்து சேர்கின்றன. குருத்தெலும்புக்கு அந்த வழி அடைபட்டுள்ளது. அதன் கலங்கள் எண்ணிக்கையிலும் மிகக் குறைவு. மூட்டுத் திரவத்திலிருந்து மெல்லக் கசிந்து வரும் ஊட்டத்தைக் கொண்டே அவை சீவிக்கின்றன. நரம்பு இன்மையால் சேதத்தின் தொடக்கத்தில் நோவும் தெரிவதில்லை. நோவு தெரியவரும் வேளையில் இழப்பு பெரும்பாலும் கடந்துபோன ஒன்றாகிவிடுகிறது.

சத்திரசிகிச்சை நிபுணர்கள் கண்டறிந்த எளிய வழி, குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பில் நுண்துளைகளிட்டு, எலும்பு மச்சையிலிருந்து குருதியையும் கலங்களையும் வரவழைப்பதாகும். குழி நிரம்புகிறது, நோவும் தணிகிறது. ஆனால் அங்கு வளர்வது நார்த்தன்மை மிகுந்த வேறொரு வகை இழையமே. அது அசல் குருத்தெலும்பைப் போல் நீடித்து உழைப்பதில்லை.

கோதன்பேர்க் நகரில் ஒரு தொடக்கம்

நோயாளியின் சொந்தக் கலங்களை வெளியே எடுத்து வளர்த்து மீண்டும் அவருக்கே வைக்கும் முறை 1987 ஆம் ஆண்டில் சுவீடனின் கோதன்பேர்க் நகரில் முதன்முதலாக மனிதரிடம் மேற்கொள்ளப்பட்டது. முழங்காலில் அதிகச் சுமை விழாத இடத்திலிருந்து சிறு துண்டு குருத்தெலும்பை எடுத்து, அதிலுள்ள கலங்களைப் பிரித்து, சில வாரங்கள் ஆய்வுகூடத்தில் பெருக்கி, சேதமடைந்த குழியில் அவற்றைச் செலுத்தி, அதன் மேல் எலும்புறையை மூடிபோலத் தைத்துவிடுவதே அம்முறை. மற்ஸ் பிரிட்பேர்க், லார்ஸ் பீற்றர்சன் முதலானோர் 23 நோயாளிகளின் முடிவுகளை 1994 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தொடையெலும்பின் முனையில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன் கிடைத்திருந்தது. முழங்காற் சில்லில் சிகிச்சை பெற்ற ஏழு பேரில் இருவருக்கு மட்டுமே அத்தகைய பலன் கிட்டியது. ஒரே முழங்காலுக்குள்ளேயே இடத்திற்கு இடம் பலன் மாறுபடும் என்ற பாடம் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

1997 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இம்முறைக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஆயினும், நோர்வேயில் 80 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2004 ஆம் ஆண்டில் வெளியான ஒப்பீட்டு ஆய்வு சற்று நிதானத்தை உண்டாக்கியது. கலங்களை வளர்த்து வைத்தவர்களும், எலும்பில் துளையிடும் எளிய முறைக்கு உட்பட்டவர்களும் இரண்டு ஆண்டுகளின் முடிவில் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். கலங்களை வளர்த்து வைப்பது மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று.

கலம் வேறு, இழையம் வேறு

இதற்கான காரணத்தை ஆய்வுகூடத்திலேயே காணலாம். குருத்தெலும்புக் கலங்களைத் தட்டையான தட்டில் வைத்து வளர்த்தால் அவை விரைந்து பெருகுகின்றன. ஆனால் பெருகும்போதே தம் இயல்பை மறந்து, சாதாரண நார்க் கலங்களைப் போல் மாறிவிடுகின்றன. அவ்வாறு மாறியவற்றை மென்கூழ் போன்ற ஊடகத்தில், நாற்புறமும் சூழ்ந்திருக்கும்படி வைத்தால் இழந்த இயல்பு மீள்கின்றது என்பதை 1982 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. கலம் எங்கே, எவ்வாறு தங்கியிருக்கிறது என்பதே அது என்னவாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே கலங்களுக்குத் தங்குமிடமாக ஒரு சாரமும், அதில் ஊன்றி முதிர்வதற்குக் காலமும் தேவைப்படுகின்றன.

சாரத்தின் முக்கியத்துவத்தை உலகறியச் செய்தது, முதுகில் மனிதக் காது வடிவம் கொண்ட சுண்டெலியின் படமாகும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் சாள்ஸ் வக்கான்ரியும் அவரது சகாக்களும் மேற்கொண்ட அந்த ஆய்வு 1997 ஆம் ஆண்டில் வெளியானது. அது மரபணு மாற்றப்பட்ட எலி எனப் பலர் நம்பினர். உண்மையில், தானாகக் கரையும் பொருளால் குழந்தையின் காது வடிவில் செய்யப்பட்ட சாரத்தில் மாட்டின் குருத்தெலும்புக் கலங்களை இட்டு, அதை எலியின் தோலுக்கடியில் வைத்திருந்தனர், அவ்வளவே. பிறவியிலேயே காது மடல் வளர்ச்சி குன்றிய ஐந்து சிறுவர்களுக்கு அவர்களது சொந்தக் கலங்களால் வளர்த்த மடலைப் பொருத்திய சீன மருத்துவர்களின் அறிக்கை வெளிவந்தது 2018 ஆம் ஆண்டில்தான். படத்திற்கும் பயனுக்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன.

முழங்காலைப் பொறுத்தவரை, கலங்களைக் கொலாஜன் படலமொன்றில் இட்டு அந்தப் படலத்தையே குழியில் ஒட்டும் முறை வளர்ச்சி கண்டது. மூன்று சதுர சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட சேதமுள்ள 144 பேரிடம் நடத்தப்பட்டு 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இம்முறை துளையிடும் முறையைவிடச் சிறந்த பலனைத் தந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் இதனை அங்கீகரித்தது.

மூக்கிலிருந்து முழங்காலுக்கு

இத்துறையில் இன்று அதிகக் கவனத்தை ஈர்ப்பது சுவிட்ஸர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் ஐவன் மார்ட்டின் தலைமையிலான குழுவினரின் பணியாகும். சேதமடைந்த முழங்காலிலிருந்தே கலங்களை எடுப்பதற்குப் பதிலாக, மூக்கின் நடுத்தடுப்பிலிருந்து சிறு துண்டை அவர்கள் எடுக்கின்றனர். மூக்குக் குருத்தெலும்பின் கலங்கள் வயது ஏறினாலும் தம் ஆற்றலை அதிகம் இழப்பதில்லை. முழங்காலின் சூழலுக்கும் தம்மைப் பழக்கிக்கொள்கின்றன. தோல் புற்றுநோய் காரணமாக மூக்கின் ஓரத்தை இழந்த ஐவருக்கு இவ்வாறு வளர்த்த இழையம் பொருத்தப்பட்டமை 2014 ஆம் ஆண்டிலும், பத்துப் பேரின் முழங்கால்களில் பொருத்தப்பட்டமை 2016 ஆம் ஆண்டிலும் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியாகின.

2025 மார்ச்சில் இக்குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கிய கேள்விக்கு விடை தேடியது. நான்கு நாடுகளின் வைத்தியசாலைகளில் 108 நோயாளிகள் இதில் பங்குபற்றினர். ஒரு சாராருக்கு இரண்டு நாட்கள் மட்டும் ஆய்வுகூடத்தில் முதிர்ந்த ஒட்டும், மறு சாராருக்கு இரண்டு வாரங்கள் முதிர்ந்த ஒட்டும் வைக்கப்பட்டன. இரு சாராரும் தேறினர். ஆனால் இரண்டு வாரங்கள் முதிர்ந்த இழையத்தைப் பெற்றவர்கள் இரண்டாம் ஆண்டிலும் தொடர்ந்து முன்னேறி மற்றவர்களை முந்தினர். பெரிய சேதம் உடையவர்களிடமும், முன்னர் செய்த சத்திரசிகிச்சை பலனளிக்காதவர்களிடமும் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரிந்தது. வெறும் கலங்களின் தொகுதியாக இல்லாமல், தன் சுற்றுப்புறத்தைத் தானே கட்டிக்கொண்ட இழையமாக உடலுக்குள் செல்வதே மேலானது என்பதே இதன் பொருள்.

யாருக்குப் பயன்படும்?

செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பகுதி இதுவாகும். மேற்கூறிய அங்கீகாரம் பெற்ற சிகிச்சைகள் யாவும் விபத்தினாலோ விளையாட்டினாலோ ஏற்பட்ட, எல்லை வகுக்கக்கூடிய சேதத்திற்கானவை. முழு மூட்டும் தேய்ந்துபோன முதியவருக்கானவை அல்ல. 2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற படல முறை, 55 வயதுக்கு மேற்பட்டோரில் பாதுகாப்பானதா, பயனுள்ளதா என்பது நிறுவப்படவில்லை என்ற குறிப்புடனேயே வருகின்றது. பிரித்தானியாவின் மருத்துவத் தர நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், சேதம் இரண்டு சதுர சென்ரிமீற்றருக்கு மேற்பட்டிருத்தல், மூட்டுத் தேய்வு மிகக் குறைவாக இருத்தல், குருத்தெலும்பைப் பழுதுபார்க்கும் சத்திரசிகிச்சை முன்னர் செய்யப்படாதிருத்தல், சிறப்பு நிலையத்தில் மேற்கொள்ளப்படுதல் ஆகிய நிபந்தனைகளை விதித்தது. தேய்ந்த மூட்டில் இருந்துவரும் அழற்சி, புதிதாக வைக்கப்படும் இழையத்தையும் பாதிக்கக்கூடும் என்பதே நிபுணர்களின் அச்சம்.

படலம் எதனால் ஆனது?

நமது வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய மற்றொரு விடயமும் உண்டு. கலங்கள் நோயாளிக்கே உரியவையாயினும், அவை தங்கும் சாரம் பெரும்பாலும் விலங்கிலிருந்து பெறப்படுவதாகும். 2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முறையில் பயன்படுவது பன்றியின் கொலாஜன் படலம். இது அதன் உத்தியோகபூர்வப் பெயரிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. பரிசோதிக்கப்பட்ட வேறு சில சாரங்களோ மாட்டின் கொலாஜனால் ஆனவை. முன்னையது முஸ்லிம்களுக்கும் பின்னையது இந்துக்கள் பலருக்கும் மனச்சங்கடத்தைத் தரக்கூடும். நிர்ப்பந்த நிலை பற்றியும், ஒரு பொருள் முற்றாக உருமாறிவிடும் நிலை பற்றியும் இஸ்லாமிய சட்ட மரபில் விரிவான விவாதங்கள் உள்ளன. உலமாக்களுடன் கலந்தாலோசித்து முடிவெடுக்க வேண்டியவர் நோயாளியே. ஆனால் அந்த ஆலோசனைக்கு முதலில் தகவல் வேண்டும். சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் பெறும்போதே சாரத்தின் மூலத்தைக் கூற வேண்டியது மருத்துவரின் கடமையாகும். விலங்குச் சாரமே இன்றி, நோயாளியின் கலங்களைச் சிறு கோளங்களாகத் திரளச் செய்து வைக்கும் முறையொன்றும் 2017 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. மாற்று வழிகள் சாத்தியமானவை என்பதற்கு இது சான்றாகும்.

ஊசியும் உண்மையும்

இந்த ஆய்வுகளின் பெயரைப் பயன்படுத்தி, ஒரே ஊசியில் குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதாகக் கூறும் ‘ஸ்டெம் செல்’ விளம்பரங்கள் பல நாடுகளில் மலிந்துள்ளன. 470 இற்கும் மேற்பட்ட மூட்டுத் தேய்வு நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2023 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மூன்று வகையான கல ஊசிகள் சாதாரண ஸ்ரீரொயிட் ஊசியுடன் ஒப்பிடப்பட்டன. ஓராண்டின் முடிவில் நோவைத் தணிப்பதில் அவற்றில் எதுவும் ஸ்ரீரொயிட் ஊசியை விஞ்சவில்லை. வாரக்கணக்கில் இழையத்தை வளர்த்து, சேதமடைந்த இடத்தை நேரில் கண்டு பொருத்தும் சிகிச்சையையும், கலங்களை மூட்டுக்குள் செலுத்திவிடும் ஊசியையும் ஒன்றெனக் கருதுதல் பெருந்தவறாகும். தாயின் முழங்காலுக்காக நகையை அடகு வைக்க எண்ணும் பிள்ளைகள் இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம்.

மூட்டுத் தேய்வுற்ற முதியவர்களுக்கு இன்று நிரூபிக்கப்பட்ட வழிகள் பழையவையே: உடல் எடையைக் குறைத்தல், தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி, தேவையான நோவு நிவாரணி, முற்றிய நிலையில் செயற்கை மூட்டு. இளவயதில் முழங்காலில் அடிபட்டவர்கள் அதை அலட்சியம் செய்யாது உரிய வேளையில் நிபுணரிடம் காட்டுவதும் இவற்றோடு சேர வேண்டியதாகும். ஏனெனில் ஆய்வுகூட இழையம் பயன் தருவது, சேதம் சிறிதாக இருக்கும் அந்தக் காலத்தில்தான்.

பாசல் ஆய்வு உணர்த்தும் பாடம், இரண்டு நாள் இழையத்தைவிட இரண்டு வார இழையமே மேலானது என்பதாகும். பொறுத்திருந்து முதிரவிட்டதே நின்று பிடிக்கிறது. இந்த விஞ்ஞானத்திற்கும் அது பொருந்தும்.