கார் புதுசு, கால் பழசு

நம் இதழின் சென்ற காலாண்டுப் பதிப்பில், கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு கார் தூணில் மோதியது, யாருக்கும் காயமில்லை, குழந்தைகளை அங்கே விளையாட விடாதீர்கள் என்று. பெயரைப் போடாமல் விட்ட செயலாளருக்கு நன்றி. அந்தக் காரை ஓட்டியவன் நான்தான். குழந்தைகள் மேல் ஒரு தவறும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மகன் வாங்கிக் கொடுத்த ஆட்டோமேட்டிக் கார் வீட்டுக்கு வந்து நான்காம் நாள். மாலை ஆறு மணி இருக்கும். என் இடத்துக்கு நேரே நிறுத்தி பிரேக்கை மிதித்தபடி இருந்தேன். இன்ஜின் சத்தம் நின்றது. அணைந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க அது தானாகவே நின்றிருக்கிறது; கியர் இன்னும் 'டி'யில்தான் இருந்தது. பின் சீட்டில் கிடந்த மருந்துப் பையை எடுக்கத் திரும்பினேன். கால் பிரேக்கை விட்டு எழுந்தது. இன்ஜின் மறுபடி ஓடத் தொடங்கி வண்டி மெல்ல ஊர்ந்தது. பதறிப்போய் மிதித்தேன். இடது கால் க்ளட்சைத் தேடி வெறும் தரையை மிதித்தது. வலது கால் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தது. தூண் தடுத்தது. தூணுக்கு இரண்டடி தள்ளி சைக்கிளோடு ஒரு சிறுமி. வாட்ச்மேன் ஓடிவந்து அவளை இழுத்துக்கொண்டார்.

பம்பர் செலவை இன்ஷூரன்ஸ் கொடுத்துவிட்டது. அந்த இரண்டடியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று, முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் எழுதிய எனக்கு இன்னும் தெரியவில்லை.

1989-இல் லைசென்ஸ் எடுத்தவன் நான். முதலில் மாருதி 800, பிறகு வேகன் ஆர். ஒரு கீறல் கூட விழாமல் ஓட்டியவனுக்கு ஏன் இப்படி ஆயிற்று? தூக்கம் வராத இரவுகளில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மூன்று பெடல் கதை

வலது கால் ஆக்ஸிலேட்டர், நடுவில் பிரேக், இடது கால் க்ளட்ச். கார் பிறந்த நாள் முதல் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. 1908-இல் ஃபோர்டு கம்பெனி விட்ட 'மாடல் டி' காரிலும் மூன்று பெடல்கள் உண்டு. ஆனால் நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக், இடது பெடல் கியர் மாற்ற. ஆக்ஸிலேட்டர் காலில் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் இழுக்கும் ஒரு கம்பி. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் இந்த அமைப்பில் விற்றன. அதில் பழகியவர் நம் காரில் ஏறினால் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரைத்தான் மிதிப்பார். என்னைப் போல.

இன்று நாம் பார்க்கும் வரிசை 1916-ஆம் ஆண்டின் காடிலாக் 'டைப் 53' காரில் வந்தது. 1922-இல் இங்கிலாந்தின் சிறிய ஆஸ்டின் செவன் கார்தான் அதைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தது. அதன் பிறகு பெடல்களின் இடம் மாறவில்லை. மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது.

நம் சாலையோர வரலாறு

விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகும் நமக்கு இந்த மாற்றங்களைக் காண வெளிநாடு போக வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. சாலையே போதும். வரி அல்ல, கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் அங்கே உருவாயின. அதற்கு முன்பே மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை. 1990-களில் தொடங்கி 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது.

எண்பதுகளில் நான் திண்டிவனம் கிளையில் குமாஸ்தா. கேஷ் ரெமிட்டன்ஸுக்காக வாடகை அம்பாசிடரில் பணப்பெட்டியோடு விழுப்புரம் வருவோம். சுமார் நாற்பது கிலோமீட்டர். டிரைவர், துப்பாக்கியோடு காவலர், நடுவில் நான் என்று முன் சீட்டிலேயே மூன்று பேர். அது எப்படி முடிந்தது? கியர் கம்பி தரையில் இல்லை, ஸ்டியரிங் தண்டில் இருந்தது. பத்மினியிலும் அப்படித்தான். ஹெட்லைட்டை டிம் செய்ய அம்பாசிடரில் காலால் அழுத்தும் பொத்தான், க்ளட்சுக்குப் பக்கத்தில். குளிர்காலக் காலையில் வண்டி கிளம்ப சோக்கை இழுக்க வேண்டும். சீட் பெல்ட் என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கியர் தரைக்கு இறங்கியது. ஸ்டியரிங் கியரிலேயே காலம் கழித்த டிரைவர் அண்ணன் ஒருவர், முதல் முறை மாருதியில் ஏறியபோது இடது கை தானாக ஸ்டியரிங் பக்கம் போய்க் காற்றைப் பிடித்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். இன்று அந்தச் சிரிப்பு எனக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இண்டிகேட்டரும் அப்படித்தான். ஜப்பானிய வழி வந்த கார்களில் அது ஸ்டியரிங்கின் வலது பக்கம். ஐரோப்பிய வழிக் கார்களில் இடது பக்கம். மறைமலை நகரில் தயாரான ஃபிகோவிலும் இடதுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர், கூட்டேரிப்பட்டில் மயிலம் திரும்பும்போது இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போடுவார். மழையே இல்லாமல் வைப்பர் ஆடினால், முன்னால் போகிறவர் புதுக்காரர் என்று இடைவெளி விடுங்கள்.

கவனக்குறைவா, அமைப்பா?

'கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமே சார்' என்று பலரும் என்னிடம் சொன்னார்கள். சரிதான். ஆனால் இதே கேள்வியை இரண்டாம் உலகப் போரின்போதே ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில், தரையிறங்கிய பிறகு சில பைலட்டுகள் இறக்கை மடிப்பை மேலே தூக்குவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிற்றால் தரையில் விழுந்தது. அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் பார்த்தபோது, இரண்டு சுவிட்சுகளும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தன. சக்கரத்தின் பிடியில் சிறு ரப்பர் சக்கரத்தையும், இறக்கை மடிப்பின் பிடியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். கை தடவியே தெரிந்துகொண்டது. அந்தத் தவறு நின்றது.

ஆட்டோமேட்டிக் கியரிலும் இதே கதை நடந்தது. 1940-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹைட்ரமேட்டிக் கியரில் 'லோ' கியரும் ரிவர்ஸும் அடுத்தடுத்து இருந்தன. மற்றக் கம்பெனிகள் வேறு வேறு வரிசை வைத்தன. முன்னால் போக நினைத்தவர்கள் பின்னால் போனார்கள். ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் இதைச் சாடினார். முன்னோக்கிக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்று 1968-இல் அமெரிக்கா விதி செய்தது. நாம் இன்று பார்க்கும் 'பி, ஆர், என், டி' வரிசைக்குப் பின்னால் இத்தனை அடிபட்ட கதை இருக்கிறது.

ஒரு பொத்தான், மூன்று நொடி

என்னை மிகவும் உலுக்கியது 2009 ஆகஸ்ட் 28-இல் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே நடந்த விபத்து. ஒருவர் தன் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு, டீலர் தற்காலிகமாகக் கொடுத்த லெக்சஸ் காரில் குடும்பத்தோடு போனார். அந்தக் காரில் வேறு மாடலுக்கான தரைவிரிப்பைப் போட்டிருந்தார்கள். அது ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டது. வண்டி மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்தது. சாவி இருந்திருந்தால் திருப்பியிருப்பார். இதில் பொத்தான். ஓடும்போது அணைக்க அதை மூன்று நொடி தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இரவல் காரில் அது யாருக்குத் தெரியும்? நான்கு பேரும் இறந்தார்கள். ஓட்டியவர் யார் தெரியுமா? கலிஃபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி. அதன் பிறகு டொயோட்டா, தரைவிரிப்புக்காக மட்டும் 38 லட்சம் வண்டிகளுக்குத் திரும்ப அழைப்பு விடுத்தது.

2016 ஜூனில் ஆன்டன் யெல்சின் என்ற 27 வயது ஹாலிவுட் நடிகர், தன் வீட்டுச் சரிவில் நின்ற ஜீப் தானாக உருண்டு வந்து கேட் தூணோடு நசுக்கியதில் இறந்தார். அந்த மாடலின் கியர் பிடி, எந்தக் கியரில் போட்டாலும் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். 'பார்க்'கில் விழுந்ததா இல்லையா என்பது கைக்குத் தெரியாது. இந்தக் குழப்பத்துக்காக அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்திருந்தது.

நம் நாட்டில் 2014-இல் மாருதி செலிரியோவோடு மலிவு விலை ஆட்டோமேட்டிக் பரவத் தொடங்கியது. அந்த வகை கியரில் 'பி' என்ற இடமே கிடையாது. ஹேண்ட் பிரேக்தான் காவல். மற்ற வகைகளில் 'பி' உண்டு. நம் லைசென்ஸிலோ எல்லாவற்றுக்கும் ஒரே வகுப்புதான். யாரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். நம்மை நாமே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் சாலை மன்னிக்காது

2019 பிப்ரவரி 23 அதிகாலையை நம் ஊரில் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைய விழுப்புரம் எம்.பி. எஸ். ராஜேந்திரன், திண்டிவனம் அருகே கார் சாலைத் தடுப்பில் மோதி இறந்தார். நான் அம்பாசிடரில் ஊர்ந்த அதே சாலை இன்று நால்வழி. வேகம் கூடியிருக்கிறது, தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் குறைந்திருக்கிறது.

இன்று நாம் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-இல் வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ காப்புரிமையைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் டிரைவருக்கு ஏர்பேக், முன் சீட்டுகளுக்குப் பெல்ட் எச்சரிக்கை ஒலி, வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். வேக எச்சரிக்கை 80 கிலோமீட்டரில் விட்டுவிட்டு ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். புதுக் காரில் 'ஏதோ பழுது' என்று பதறாதீர்கள். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின் சீட்டில், பெல்ட் போடாமல். ஏர்பேக் இருக்கிறதே என்று பெல்ட்டை விடுவது, பாலிசி இருக்கிறதே என்று வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவது போல.

ஒரு மணி நேரம் போதும்

எனக்குக் கார் கொடுத்த அன்று மாலை, ரிப்பன், பெரிய அட்டைச் சாவி, போட்டோ, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் முடிய முக்கால் மணி. கண்ட்ரோல்களை விளக்க ஐந்து நிமிஷம். அதிலும் புளூடூத்துக்கே நான்கு நிமிஷம் போனது. கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் தப்பு. இப்போது நான் கடைப்பிடிப்பது இது:

1. முதல் நாள், வண்டியை நகர்த்தாமல் அரை மணி உட்காருங்கள். சீட், கண்ணாடி, ஸ்டியரிங்கைச் சரிசெய்த பிறகு ஹெட்லைட், டிம், வைப்பர், ஹசார்டு, ஹாரன், கண்ணாடியின் பனி நீக்கி ஆகியவற்றைக் கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள்.
2. ஓடும் இன்ஜினை அவசரத்தில் அணைப்பது எப்படி என்று கையேட்டில் படியுங்கள். நியூட்ரலுக்கு மாற்றுவதையும் பழகுங்கள்.
3. ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலை இல்லை. அதை ஓரமாக வைத்துவிடுங்கள். வலது கால் ஒன்றே இரண்டு பெடலுக்கும்.
4. சத்தம் நின்றால் இன்ஜின் அணைந்தது என்று பொருளல்ல. பிரேக், 'பி', ஹேண்ட் பிரேக், பொத்தான் என்ற வரிசை முடிந்த பிறகே காலை எடுங்கள்.
5. டிரைவர் பக்கம் ஒரு தரைவிரிப்பு மட்டும், கொக்கியில் மாட்டியது. தண்ணீர் பாட்டில், செருப்பு எதுவும் அங்கே வேண்டாம்.
6. முதல் வாரம் திண்டிவனம் பக்கம் போக வேண்டாம். ஞாயிறு காலை காலி மைதானத்தில் நிறுத்தி, கிளப்பி, ரிவர்ஸ் எடுத்துப் பழகுங்கள். இரவல் காருக்கும் வாடகைக் காருக்கும் இதுவே.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பார்க்கிங் சுவரில் ஒட்டியிருக்கும் 'குழந்தைகள் விளையாடக் கூடாது' அறிவிப்புக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: மாலை ஐந்து முதல் ஏழு வரை இங்கே யாரும் புதுக் கார் பழகக் கூடாது. அடுத்து புதுக் கார் வாங்குகிறவர் சொல்லி அனுப்பினால், ஞாயிறு காலை மைதானத்துக்கு நானும் கூட வருகிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இடது கால் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தச் சிறுமி இப்போது என்னைப் பார்த்தால், 'தாத்தா, பிரேக்!' என்கிறாள். சொல்லட்டும். தினமும் சொல்லட்டும்.

— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பி பிளாக்