கடல்கடந்த சிறைப்பணிக்கான நிதி திரட்டல்

வேற்று நாட்டுச் சிறைகளிலும் கைதிக் குடியேற்றங்களிலும் இருப்போரிடையே ஊழியம் செய்வதற்காகக் கிறிஸ்தவ சபைகள் தம் ஊரில் காணிக்கை சேர்க்கும் வழக்கம். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் பசித்தவனையும் அந்நியனையும் நோயாளியையும் வைத்த வரிசையிலேயே காவலில் இருப்பவனையும் வைக்கிறது. உண்டியலுக்கு முன் இவர்கள் நால்வரும் ஒன்றாக இருந்ததில்லை. பள்ளிக்கூடம் கட்டவோ மருத்துவமனை நடத்தவோ கேட்டால் கைகள் நீளும். திருடனுக்கும் கொலைகாரனுக்கும் என்றால் மடங்கும். ஆகவே கைதி ‘நம்மவன்’ என்றோ குற்றமற்றவன் என்றோ காட்டுவது பணம் கேட்டவர்களின் முதல் வேலையாயிற்று.

மீட்புப் பணம்

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. மத்தியதரைக் கடலில் கப்பல்கள் பிடிபட்டு, கிறிஸ்தவர்கள் வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் அடிமைகளாக இருந்த காலம் அது. அவர்களை விலைகொடுத்து மீட்கவென்றே தோன்றிய திரித்துவ சபைக்கு 1198-இல் போப் மூன்றாம் இன்னொசென்ட் ஒப்புதல் தந்தார். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறைமீட்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் விதி. 1218-இல் பார்சலோனாவில் தோன்றிய மெர்சிதாரியர் இன்னும் ஒரு படி போனார்கள்: பணம் போதாவிட்டால் கைதிக்குப் பதிலாகத் தாமே பிணையாக இருப்பதாக வாக்குறுதி எடுத்தார்கள்.

இவர்கள் பணம் திரட்டிய விதம் இன்றைய விளம்பரக்காரர்களுக்கும் பாடமாகும். மீண்டு வந்தவர்களை, அவர்கள் பூண்டிருந்த சங்கிலிகளோடே ஊர் ஊராக ஊர்வலம் கொண்டுபோனார்கள். பார்த்தவர்கள் காசு போட்டார்கள். அந்தக் காசு அடுத்தவனை மீட்டது. 1575-இல் பிடிபட்ட எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1580-இல் அல்ஜியர்சிலிருந்து 500 பொன் நாணயங்களுக்கு மீட்கப்பட்டார். குடும்பம் திரட்டிய தொகை போதாமல் திரித்துவ சபைத் துறவியர் மீதியைச் சேர்த்துக் கொடுத்தனர். ‘டான் குயிக்சாட்’ எழுதப்பட்டதில் பெயர் தெரியாத காணிக்கைக்காரர்களுக்கும் பங்குண்டு என்று சொல்லலாம்.

சோழமண்டலக் கடற்கரைக்கு இந்த மரபு போர்ச்சுகீசியரோடு வந்தது. 1498-இல் லிஸ்பனில் தொடங்கிய ‘மிசெரிகோர்தியா’ என்னும் இரக்கச் சபைக்குக் கோவா, கொச்சி, நாகப்பட்டினம், மயிலாப்பூர் சாந்தோம் ஆகிய இடங்களில் கிளைகள் இருந்தன. சிறையிலிருப்போரைச் சந்திப்பதும் பிடிபட்டவரை மீட்பதும் அதன் கடமைகளில் அடங்கும். செல்வர்கள் உயில் எழுதிவைத்த சொத்து அதன் முக்கிய வருவாய். இங்கும் உதவி முதலில் தம்மவருக்கே போயிற்று.

குற்றவாளிக்கான காணிக்கை

நீதிமன்றம் தண்டித்த குற்றவாளிக்காகக் கையேந்துவது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. பிரிட்டன் தன் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய நாட்களில், குவாக்கர் சபையைச் சேர்ந்த எலிசபெத் ஃபிரை 1818 முதல் பெண் கைதிகளின் கப்பல்களுக்குப் போய் ஒவ்வொருத்திக்கும் ஒரு பை கொடுக்க ஏற்பாடு செய்தார். பையில் வேதப் புத்தகத்தோடு ஊசி, நூல், கத்தரிக்கோல், ஒட்டுத் துணிகளும் இருந்தன. மாதக்கணக்கான பயணத்தில் பெண்கள் போர்வை தைத்து, விற்றுக் கையில் கொஞ்சம் காசோடு இறங்கலாம் என்பது கணக்கு. 1841-இல் ‘ராஜா’ என்ற கப்பலில் பெண் கைதிகள் தைத்த போர்வை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இன்றும் இருக்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பணமாகக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் துணித்துண்டாகக் கேட்டால் தந்துவிடுவார்கள்.

இரட்சணிய சேனை இதைப் பெரிய அளவில் செய்தது. 1883-இல் மெல்பர்னில், விடுதலையாகும் கைதியைச் சிறைவாசலிலேயே எதிர்கொண்டு அழைத்துவரும் வேலையை அது தொடங்கிற்று. பணத்துக்கு வழி 1886-இல் பிறந்தது. அயல்நாட்டுப் பணிக்கு நிதி கேட்ட கூட்டமொன்றில் ஜான் கார்ல்டன் என்ற அதிகாரி, ஓராண்டு முழுக்கச் சாப்பாட்டின் முடிவில் உண்ணும் இனிப்பை விட்டுவிட்டு அந்தக் காசைத் தருவதாக எழுதிக்கொடுத்தாராம். தலைவர் வில்லியம் பூத் ஆண்டை வாரமாகக் குறைத்து, சேனை முழுவதற்கும் பொது வழக்கமாக்கினார். இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

தமிழகத்தில் இதற்கு ஈடான வழக்கம் பிடியரிசி. உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போய்க் காசாகும். அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும் பூசணிக்காயும் சேவலும் இதே கணக்கில் சேர்ந்தவை. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் இத்தகைய சிறுகாணிக்கைகளை நம்பியே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குத் தமிழ் ஊழியரை அனுப்பிற்று. கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் கொடுக்கக்கூடிய அளவு இது. இங்கிலாந்தில் விட்டது இனிப்பு, திருநெல்வேலியில் விட்டது சோறு. ஆனாலும் இந்த அரிசி பெரும்பாலும் கிராம ஊழியத்துக்கே போயிற்று. சிறைக்கென்று கேட்டவர்கள் குறைவு.

அந்தமானும் கயானாவும்

1882-இல் பம்பாயில் இறங்கிய இரட்சணிய சேனைக் குழுவின் தலைவர் ஃபிரடெரிக் டக்கர் (பின்னாளில் பூத்-டக்கர்) அரசு உத்தியோகத்தை உதறியவர். காவியுடை, ‘பக்கீர் சிங்’ என்ற பெயர், கையில் பிச்சைப் பாத்திரம் என்று அலைந்தார். பாட்டுப் பாடி ஊர்வலம் போனதற்காக 1883-இல் அவரே பம்பாயில் சிறையிலிருந்தார். நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்தும் சேனை இதுவே.

1908-இல் கோரக்பூரில் தொடங்கி, குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்ட சாதியாருக்கான குடியேற்றங்களைச் சேனை ஏற்று நடத்தியது. 1913-இல் சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தில் அமைந்த ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் பேர்போனது. 1926-இல் ஐக்கிய மாகாணத்துப் பாண்டு சாதிக் குடும்பங்களை அது அந்தமானில் குடியேற்றிற்று; ஃபெரார்கஞ்ச் அப்படி உருவான ஊர். காணிக்கைக்குக் கிடைக்காத பணம் இங்கே அரசாங்க மானியமாகவும் நிலமாகவும் வந்தது. அதற்கு விலையும் உண்டு. போதகரே பதிவேட்டில் ஆளெண்ணும் காவலரானார். பிறப்பாலேயே குற்றவாளி என்று ஒரு சாதியை ஒதுக்கிய அச்சட்டம் 1952-இல்தான் முற்றாக நீங்கியது. தந்தவர் கை ஓங்குவது எல்லா நன்கொடையிலும் உண்டுதான். அரசு தந்தபோது அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

நேர்மாறானது பிரெஞ்சு கயானா. புதுச்சேரியில் பறந்த அதே கொடியின் கீழிருந்த தென் அமெரிக்கத் தண்டனைக் குடியேற்றம் அது, ரா. கி. ரங்கராஜனின் ‘பட்டாம்பூச்சி’ மொழிபெயர்ப்பால் தமிழ் வாசகருக்குப் பழகிய இடம். 1854-ஆம் ஆண்டுச் சட்டப்படி எட்டாண்டுக்குக் குறைவாகத் தண்டனை பெற்றவர் அதை முடித்தபின்னும் அதே அளவு காலம் அங்கேயே கிடக்க வேண்டும். எட்டாண்டோ மேலோ என்றால் ஆயுள் முழுக்க. ஊர் திரும்ப அனுமதி கிடைத்தாலும் கப்பல் கட்டணத்துக்குக் கையில் காசு இல்லை. 1928-இல் அங்கே போய்ப் பார்த்த சேனை அதிகாரி சார்ல் பெயான், பிரான்சுக்குத் திரும்பி எழுதியும் பேசியும் ஆதரவு திரட்டினார். 1933-இல் ஊழியர் குழு போய்ச் சேர்ந்து தங்குமிடமும் பண்ணையும் நடத்திற்று. அவர் அரசின் காரியத்தை வாங்கிச் செய்யவில்லை. அரசே வெட்கப்படும்படி பேசினார். 1938-இல் கைதிகளை அங்கே அனுப்புவது நிறுத்தப்பட்டது. எஞ்சியவர்களைத் தாயகம் சேர்க்கும் வேலை 1953 வரை நீண்டது.

பின்னாளில்

1976-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரிசன் ஃபெலோஷிப் இயக்கம் பிற நாடுகளுக்கும் பரவியது. அதன் மிகப் பிரபலமான நிதித் திட்டம் 1982-இல் அலபாமாவில் மேரி கே பியர்ட் என்ற முன்னாள் கைதியால் பிறந்தது. கிறிஸ்துமஸ் மரத்தில் தேவதை வடிவச் சீட்டுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கைதியின் குழந்தை கேட்கும் பரிசு எழுதியிருக்கும். சீட்டை எடுத்தவர் வாங்கித் தருவார். அப்பனுக்குக் கொடுக்கத் தயங்குபவர் பிள்ளைக்குத் தயங்குவதில்லை.

இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபையில் இப்பணி 1981-இல் கேரளத்தில் குருமாணவர்களிடையே அரும்பி, ‘பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா’ என்ற பெயரில் நாடெங்கும் பரவிற்று. ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சிறைப்பணி ஞாயிறாக அனுசரிக்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து இத்தகைய பணிக்கு வரும் பணம் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி அது முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லிக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும்.